டாக்டர் பாரக்கேர்: கருவிழியைக் கடைந்த வைத்தியர்

மேலோர் சரித்திரங்களை இப்பக்கத்தில் நாம் எழுதும்போது, ராஜ்யங்களை ஆக்கியவர்களையும் அழித்தவர்களையும், தேச விடுதலைக்காகச் சிறை புகுந்தவர்களையும் பற்றியே பெரும்பாலும் எழுதி வருகிறோம். இன்று நாம் எடுத்துக்கொண்டிருப்பவர் ஒரு படையையும் நடத்தியவரல்லர். ஒரு மேடையிலும் முழங்கியவரல்லர். மனிதனுடைய கண்ணின் முகப்பிலே, ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறையப் பாதிக் கனமே உள்ள ஒரு படலத்தை அளப்பதிலும், அதன் வளைவைத் திருத்துவதிலுமே ஆயுள் முழுவதையும் செலவிட்டவர். ஸ்பெயின் தேசத்தில் 1916-ம் வருஷம் பிறந்து, தென் அமெரிக்காவில் 1998-ம் வருஷம் காலமான டாக்டர் ஹோஸே இக்னாஸியோ பாரக்கேர் என்னும் அப்பெரியாரைக் கண் வைத்திய உலகில் அறியாதார் இலர். நம் நாட்டுப் பொதுஜனங்கள் அவர் பெயரை அதிகமாகக் கேட்டதில்லை. ஆயினும் மூக்குக் கண்ணாடியை விட்டொழிக்க வேண்டி லேசர் சிகிச்சை செய்துகொண்ட ஒவ்வொருவரும், அறிந்தோ அறியாமலோ, அவருக்குக் கடன்பட்டவரேயாவர்.

இச்சரித்திரத்தை இப்பொழுது எழுத நேர்ந்த காரணத்தையும் சொல்லிவிடுகிறோம். கள்ளக்குறிச்சி மாவட்டத்து நைனார்பாளையத்திலிருந்து நேயர் ஒருவர் ஒரு சந்தேகத்தை நமக்குத் தெரிவித்திருக்கிறார். அவருடைய தமக்கை மகனுக்கு வயது இருபது. போலீஸ் உத்தியோகத்துக்கு முயன்றுவரும் பிள்ளை. கண்ணாடியின் எண் ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாறிக்கொண்டே வந்தது. கடைசியில் சோதித்துப் பார்த்ததில், கருவிழிப் படலம் மெலிந்து கூம்பி வருகிறதென்று தெரிந்ததாம். வைத்திய நூலார் இதைக் கெரட்டோகோனஸ் என்பர். தமிழில் கூம்பு விழி எனலாம். இனி என்ன செய்வதென்று விசாரித்தால், ஒருவர் லேசர் என்கிறார். மற்றொருவர் உள்ளே வளையம் வைக்கலாம் என்கிறார். வேறொருவர் ஒளிச் சிகிச்சை என்கிறார். இன்னும் ஒருவர் மாற்று விழிதான் முடிவு என்கிறார். யார் சொல்வதை ஏற்பது என்பது அவருடைய கேள்வி.

நாம் வைத்தியரல்லோம். மருந்து சொல்வது நம் வேலையுமன்று. ஆனால் ஒரு வழக்கில் தீர்ப்பு எதுவாக இருக்க வேண்டுமென்று சொல்ல முடியாதவனும், எந்தக் கேள்வியை எந்தச் சாக்ஷியிடம் கேட்க வேண்டுமென்று தெரிந்துகொள்ளலாம். அவ்விதக் கேள்விகளைக் கற்பிப்பதற்குப் பாரக்கேரின் வாழ்க்கையைப் போல ஏற்றது வேறொன்றில்லை என்பது நமது அபிப்பிராயம். கருவிழியின் உருவத்தை மாற்றலாம் என்று உலகத்துக்குக் காட்டியவர் அவரே. எந்த விழியில் கத்தி வைக்கலாகாது என்பதும் அவருடைய அளவுகளிலிருந்தே விளங்குகிறது.

கருவிழிப் படலம் என்பது கண்ணின் கறுப்பு வட்டத்துக்கு முன்னே கடிகாரத்தின் கண்ணாடியைப் போல அமைந்திருக்கும் தெளிந்த தோல். அதன் குறுக்களவு ஏறக்குறையப் பன்னிரண்டு மில்லிமீட்டர். அதில் ரத்தக் குழாய்கள் இல்லை. இருந்தால் தெளிவு கெட்டுப் போகும். கண்ணுக்குள் நுழையும் ஒளியை வளைத்துக் குவிப்பதில் மூன்றில் இரண்டு பங்கு வேலையை இப்படலமே செய்கிறது. உள்ளிருக்கும் லென்ஸ் செய்வது எஞ்சிய பங்கே. ஆகவே இதன் வளைவில் மயிரிழை மாறினாலும் பார்வை மாறிவிடும். கூம்பு விழி என்னும் வியாதியில் படலத்தின் நடுப்பகுதி, அல்லது அதற்குச் சற்றுக் கீழ்ப்பகுதி, நாளுக்கு நாள் மெலிந்து, உள்ளிருக்கும் அழுத்தத்தைத் தாங்கமாட்டாமல் முன்னே பிதுங்குகிறது. ஒரு விளக்கு பல விளக்குகளாகத் தெரியும். எழுத்துக்குப் பின்னால் நிழல் எழுத்துத் தோன்றும். இளமைப் பருவத்தில் தொடங்கி முப்பது, நாற்பது வயது வரையில் இது வளரக்கூடியது. இங்கிலாந்தில் ஜான் நாட்டிங்காம் என்னும் வைத்தியர் 1854-ம் வருஷத்திலேயே இவ்வியாதியைப் பிரித்தறிந்து விரிவாக எழுதி வைத்தார். வியாதியை அறிந்தார்களே அல்லாமல், அதற்குச் செய்யத்தக்கது யாது என்பது நெடுங்காலம் தெரியாமலே இருந்தது.

பாரக்கேர் 1916-ம் வருஷம் ஜனவரி மாதம் 24-ந் தேதி பார்ஸலோனா நகரத்தில் பிறந்தார். கண் வைத்தியம் அக்குடும்பத்தில் பரம்பரைச் சொத்து. பாட்டனார் ஹோஸே அன்டோனியோ பாரக்கேர் அந்நகரத்துச் சர்வகலாசாலையில் கண் வைத்தியப் பேராசிரியராக இருந்தவர். தந்தையார் இக்னாஸியோ பாரக்கேர், கண்புரையைக் கத்தியால் நெம்பி எடுக்காமல், உறிஞ்சும் கருவியொன்றால் பற்றி வெளியே எடுக்கும் முறையைக் கண்டு ஐரோப்பா முழுவதும் கீர்த்தி பெற்றவர். இளைய சகோதரர் ஹோவாக்கின் என்பவரும் பிற்காலத்தில் பெயர் பெற்ற கண் வைத்தியரானார். தந்தையார் 1965-ம் வருஷத்தில் இறந்தபோது, அவர் விருப்பப்படி அவருடைய கண்கள் பார்வையிழந்தோருக்கு அளிக்கப்பட்டன. கண்ணை இடந்து அப்பிய வேடனைக் காளத்தியில் வைத்துப் போற்றும் நமக்கு, அச்செயலின் பெருமையை எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை.

இப்படிப்பட்ட குடும்பத்தில் பிறந்தவனுக்கு வாழ்க்கை எளிது என்று எண்ணலாகாது. பெரிய தந்தைக்கு மகனாக இருப்பது சில சமயங்களில் பெருஞ்சுமையாகும். அதோடு தேசத்தின் நிலைமையும் கொடியதாக இருந்தது. பாரக்கேர் இருபது வயது வாலிபராக இருந்தபொழுது, 1936-ம் வருஷத்தில், ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் மூண்டது. சகோதரனைச் சகோதரன் கொன்ற அப்போர் 1939-ம் வருஷம் வரையில் நடந்தது. பார்ஸலோனா நகரத்தின் மீது ஆகாய விமானங்கள் குண்டு பொழிந்தன. அத்தகைய காலத்தில் வைத்தியம் பயின்றவர், போர் ஓய்ந்தபின் 1940-ம் வருஷத்தில் பட்டம் பெற்றார்.

அக்காலத்தில் குறைப்பார்வைக்கு உலகம் அறிந்த பரிகாரம் மூக்குக் கண்ணாடி ஒன்றே. கூம்பு விழியுள்ளவர்களுக்குக் கண்ணாடியும் பயன்படாது. ஏனெனில் அவர்களுடைய படலம் ஒழுங்கற்று மேடும் சரிவுமாக இருக்கும். பிரான்ஸ் தேசத்து யூஜின் கால்ட் என்பவரும், ஸ்விட்ஸர்லாந்தில் வைத்தியம் செய்த அடால்ப் ஃபிக் என்பவரும் 1888-ம் வருஷத்தில் கண்ணின் மேலேயே பொருத்தக்கூடிய கண்ணாடிச் சிப்பிகளைச் செய்து பார்த்தார்கள். இன்றைய காண்டாக்ட் லென்ஸுக்கு அதுவே மூலம். அமெரிக்காவில் குடியேறிய ஸ்பானியரான ரமோன் காஸ்ட்ரோவியேஹோ 1936-ம் வருஷத்தில் முற்றிய கூம்பு விழிக்கு இறந்தவருடைய படலத்தை எடுத்து ஒட்டிப் பார்வை தந்தார். கண்ணின் மேல் ஒன்றை வைப்பது, அல்லது படலத்தையே மாற்றிவிடுவது என்ற இரண்டு வழிகளே இருந்தன. உள்ள படலத்தையே வைத்துக்கொண்டு அதன் வடிவத்தைத் திருத்தும் வழி எவருக்கும் கைகூடவில்லை.

அவ்வழியில் முதலில் துணிந்து இறங்கியவர்களில் ஜப்பான் தேசத்து ஸாட்டோ என்னும் பேராசிரியர் ஒருவர். அவருடைய கதையை இங்கே சொல்லாமல் விடுவது நியாயமாகாது. கூம்பு விழியுள்ள சிலருக்குப் படலத்தின் உட்புறம் தானாகக் கிழிந்து, பின்னர் ஆறித் தழும்பானபோது, கூம்பு சற்றே தட்டையாவதை அவர் கவனித்தார். இயற்கை செய்வதைக் கத்தியாலும் செய்யலாமே என்று கருதி, படலத்தின் உட்புறத்தில் கீறல்கள் இட்டார். கண்ணாடி அணிவோருக்கும் அதையே செய்தார். முதலில் பலன் நன்றாகவே தோன்றிற்று. ஆனால் படலத்தின் உட்புறத்தில் ஓர் அடுக்கு உயிரணுக்கள் உள்ளன. படலத்தில் நீர் தேங்காமல் காப்பவை அவையே. ஒரு முறை அழிந்தால் அவை மீண்டும் முளைப்பதில்லை. இந்த உண்மை அக்காலத்தில் தெரிந்திருக்கவில்லை. பல வருஷங்கள் கழிந்தபின், அவரிடம் சிகிச்சை பெற்றவர்களிற் பலருடைய விழிகள் வீங்கி மங்கிப் போயின. ஸாட்டோ வஞ்சகரல்லர், கற்றறிந்த பேராசிரியர், நல்லெண்ணத்தோடு செய்தவர். எனினும் கண்ணின் விஷயத்தில் நல்லெண்ணம் போதாது. ஒரு சிகிச்சையின் பலனைச் சில மாதங்களில் அளந்து தீர்ப்புச் சொல்லவும் கூடாது. இதைத்தான் அச்சம்பவம் கற்பித்தது.

பாரக்கேர் வேறொரு திசையில் சிந்தித்தார். கீறிப் பலவீனப்படுத்துவதால் படலம் எவ்வளவு வளையும் என்று கணக்கிட முடியாது. ஆனால் படலத்திலிருந்து இவ்வளவு கனம் எடுத்தால், அல்லது இவ்வளவு கனம் சேர்த்தால், வளைவு இவ்வளவு மாறும் என்பது கணிதத்துக்கு உட்பட்டது. இக்கருத்தை விளக்கி 1949-ம் வருஷத்தில், முப்பத்து மூன்றாம் வயதில், அவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். படலத்துக்குள் சிறிய கண்ணாடி வில்லைகளைச் செருகியும் பரீட்சை செய்தார். அவை நிலைக்கவில்லை. படலத்தின் முன்பகுதிக்கு வேண்டிய சத்து உட்புறத்து நீரிலிருந்து ஊறி வர வேண்டும். நடுவே ஊடுருவ முடியாத கண்ணாடி நின்றால் முன்பகுதி வாடிப்போகும். ஆகையால் அந்நியப் பொருளைச் செருகுவதைக் காட்டிலும், அவ்விழியின் சொந்தப் படலத்தையே செதுக்குவது மேல் என்ற முடிவுக்கு வந்தார்.

இவ்வேலையை அவர் ஐரோப்பாவின் பெரிய நகரமொன்றில் இருந்து முடித்தாரென்று நேயர்கள் எண்ணக்கூடும். அதுதான் இல்லை. 1950-களில் அவர் தந்தையின் வைத்தியசாலையையும், பிறந்த நகரத்தையும், பரம்பரைப் பெருமையையும் விட்டுக் கடல் கடந்து, தென் அமெரிக்காவில் கொலம்பியா தேசத்துத் தலைநகரான பொகோட்டாவில் குடியேறினார். கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 2,600 மீட்டர் உயரத்தில், ஆண்டிஸ் மலைகளுக்கு நடுவே உள்ள ஊர் அது. செல்வத்திலும் விஞ்ஞானக் கூடங்களிலும் பாரிஸுக்கோ லண்டனுக்கோ நியூயார்க்குக்கோ ஈடு சொல்ல முடியாத ஊர். அங்கேதான் இக்காரியம் நிறைவேறிற்று.

அவர் செய்த சிகிச்சையின் விவரம் கேட்போருக்கு வியப்பளிப்பது. முதலில், விழியை அசையாமல் ஒரு வளையத்தால் உறிஞ்சிப் பிடிப்பார். பிறகு தச்சனுடைய இழைப்புளியைப் போன்ற நுண்ணிய கருவியால் படலத்தின் மேற்புறத்திலிருந்து மெல்லிய வில்லை ஒன்றைச் சீவி எடுப்பார். அவ்வில்லையை உறையவைத்துக் கெட்டியாக்கி, காண்டாக்ட் லென்ஸ் கடையும் சிறிய கடைசல் இயந்திரத்தைத் தம் வேலைக்கேற்றபடி திருத்தி அமைத்து, அதில் ஏற்றி உட்புறத்தைக் கடைவார். கணக்குப்படி வடிவம் வந்தவுடன், உறைவைத் தெளியவைத்து, அதே கண்ணில் பொருத்தித் தைத்துவிடுவார். பொற்கொல்லன் மாற்றுரைத்து வேலை செய்வது போலவும், தச்சன் நூல் பிடித்து இழைப்பது போலவும், ஒரு வைத்தியர் உயிருள்ள மனிதனுடைய கண்ணை எடுத்துக் கடைந்து திருப்பி வைத்தார். படலத்தைச் செதுக்குதல் என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களைக் கூட்டி, இதற்குக் கெரட்டோமைலியூஸிஸ் என்று பெயரிட்டார். இம்முறையின் பலன்களை 1964-ம் வருஷத்தில் வெளியிட்டார். அதாவது, முதல் கட்டுரைக்கும் இதற்கும் நடுவே பதினைந்து வருஷங்கள் கழிந்தன. இன்றைக்கு விதைத்து நாளைக்கு அறுக்க விரும்பும் நம்மவர் இப்பதினைந்து வருஷங்களைக் கவனிப்பார்களாக.

அவருடைய ஆராய்ச்சியின் சாரம் கனத்தின் விதி என்று வழங்கும் ஒரு சிறு சூத்திரத்தில் அடங்கியிருக்கிறது. படலத்தின் நடுவே கனத்தைக் குறைத்தாலும், அல்லது ஓரத்தில் கனத்தைக் கூட்டினாலும், நடுப்பகுதி தட்டையாகும். நடுவே கனத்தைக் கூட்டினாலும், ஓரத்தில் குறைத்தாலும், நடுப்பகுதி அதிகமாக வளையும். இவ்வளவே விதி. ஆனால் இதன் மறுபக்கம் ஒன்று உண்டு. செதுக்கும் வைத்தியன் அதை ஒருகாலும் மறக்கலாகாது. எடுப்பதற்கு அளவு இருக்கிறது. எடுத்தபின் அடியில் எஞ்சி நிற்கும் படலம் கண்ணின் உள்ளழுத்தத்தைத் தாங்க வேண்டும். தாங்காவிட்டால், திருத்த எண்ணிய விழி கூம்பிப் பிதுங்கும். எவ்வளவு எடுத்தோம் என்பதைவிட எவ்வளவு விட்டுவைத்தோம் என்பதே முக்கியம். இயல்பிலேயே மெலிந்துபோன கூம்பு விழியில் விட்டுவைப்பதற்கே போதிய கனம் இல்லாதபோது, எடுப்பது எங்ஙனம்?

பாரக்கேரின் சிகிச்சை எளிதில் பரவவில்லை. கடைசல் கணக்கும் கைத்திறமையும் சேர்ந்தவர்களே அதைச் செய்ய முடிந்தது. உறையவைப்பதால் படலத்துக்குச் சேதம் நேர்ந்து, பார்வை தெளிய நாளாயிற்று. ஆயினும் பல தேசத்து வைத்தியர்கள் பொகோட்டாவுக்கு யாத்திரை சென்று கற்றார்கள். அங்கே அமெரிக்க பாரக்கேர் ஸ்தாபனமும் நிறுவப்பட்டது. நியூயார்க்கிலிருந்து வந்த நிபுணர்கள் பொகோட்டாவில் மாணவர்களாக அமர்ந்த காட்சி, விஞ்ஞானத்துக்கு ஏகாதிபத்தியத் தலைநகரங்களே தாயகம் என்று எண்ணுவோருக்கெல்லாம் ஒரு பாடமாகும்.

அப்பாடத்தின் இரண்டாம் பகுதி நமது சென்னையோடு சம்பந்தப்பட்டது. சென்னையில் 1929-ம் வருஷம் பிறந்து, சென்னைச் சர்வகலாசாலையில் ரஸாயனம் கற்று, அமெரிக்கா சென்று ஐ.பி.எம். கம்பெனியின் ஆராய்ச்சிச் சாலையில் பணியாற்றிய ரங்கசாமி சீனிவாசன் என்னும் விஞ்ஞானி, 1981-ம் வருஷத்தில் தம் சகாக்களான வின், புளூம் என்னும் இருவரோடு ஓர் உண்மையைக் கண்டார். எக்ஸைமர் லேசர் என்னும் புற ஊதாக் கதிர், உயிர்ப்பொருளின் மேல் படும்போது, சுற்றுப்புறத்தைச் சுடாமலே, பட்ட இடத்தை மட்டும் நுண்ணிய அளவில் சீவி எடுத்துவிடுகிறது. விருந்தில் மிஞ்சிய வான்கோழி எலும்பின் மேல் அவர் முதற் பரீட்சையைச் செய்தார். பின்னர் ஸ்டீபன் டிராக்கல் என்ற கண் வைத்தியரோடு சேர்ந்து இதைக் கருவிழிப் படலத்தின் மேல் பரீட்சித்து 1983-ம் வருஷத்தில் வெளியிட்டார்கள். பாரக்கேர் கடைசல் இயந்திரத்தால் செய்ததை இனி ஒளியால் செய்யலாமென்று ஆயிற்று. கிரீட் தீவிலே பல்லிகாரிஸ் என்பவர், படலத்தின் மேல் தகட்டைக் கதவு போலத் திறந்து, அடியில் லேசரால் செதுக்கி, மீண்டும் மூடும் முறையை 1990-ம் வருஷத்தை ஒட்டி வகுத்தார். லாஸிக் என்று இன்று ஊரூராக விளம்பரம் செய்யப்படுவது இதுவே. ஸ்பானியர் ஒருவர் கொலம்பியாவில் விதைத்ததைச் சென்னைத் தமிழர் ஒருவர் அமெரிக்காவில் வளர்க்க, கிரேக்கர் ஒருவர் அறுவடை செய்தார் என்று சொல்லலாம்.

தம் எண்ணம் உலகெங்கும் பரவியதைக் கண்ணாரக் கண்டுவிட்டே பாரக்கேர் 1998-ம் வருஷம் பிப்ரவரி மாதம் 13-ந் தேதி, எண்பத்திரண்டாம் வயதில், பொகோட்டாவில் காலமானார். அவர் இறந்த அதே வருஷத்தில் ஜெர்மனியிலிருந்து ஓர் எச்சரிக்கை வெளிவந்தது. தியோ ஸைலர் என்னும் நிபுணரும் அவர் கூட்டத்தாரும், லாஸிக் செய்துகொண்ட சிலருடைய விழிகள் பின்னர் மெலிந்து கூம்பிவிட்டதை ஆராய்ந்து தெரிவித்தார்கள். படலத்தில் விட்டுவைக்க வேண்டிய கனத்தை விட்டுவைக்காததும், மறைந்திருந்த கூம்பு விழியை முன்னதாகக் கண்டுபிடிக்காததும் இதற்குக் காரணங்கள். எடுப்பது லேசரால் எளிதான பின், விட்டுவைக்கும் கட்டுப்பாடு தளர்ந்துவிட்டது.

இதற்குரிய பரிகாரமும் ஸைலர் முதலானோர் உழைத்த டிரெஸ்டன் நகரத்து ஆராய்ச்சிச் சாலையிலிருந்தே பிறந்தது விசேஷம். படலத்தின் வலிமை, அதிலுள்ள கொலாஜன் என்னும் நார்கள் ஒன்றோடொன்று பிணைந்திருப்பதைப் பொறுத்தது. பாய் நெய்பவன் ஊடுகோரையைக் கூட்டினால் பாய் உறுதிப்படுவது போல, நார்களுக்கிடையே புதிய பிணைப்புகளை உண்டாக்கினால் படலமும் உறுதிப்படும். ரிபோஃபிளேவின் என்னும் பி-2 வைட்டமின் சொட்டுக்களை அரை மணி நேரம் கண்ணில் ஊறவிட்டு, பிறகு அரை மணி நேரம் அளவான புற ஊதா ஒளியைச் செலுத்துவதே அவர்கள் வகுத்த மூல முறை. மனிதர்களிடம் கண்ட பலனை 2003-ம் வருஷத்தில் வெளியிட்டார்கள். கிராஸ்லிங்கிங் எனப்படும் இச்சிகிச்சையை அமெரிக்க அரசாங்கம் 2016-ம் வருஷத்தில் அங்கீகரித்தது. இந்தியாவிலும் இது செய்யப்பட்டு வருகிறது.

இச்சரித்திரத்திலிருந்து நைனார்பாளையத்து அன்பருக்கும், அவரை ஒத்த பலருக்கும் பெறப்படும் பொருள் யாது? சிகிச்சைகள் பல என்பதால் குழம்ப வேண்டுவதில்லை. அவை ஒரே கேள்விக்குப் பல பதில்களல்ல. வெவ்வேறு கேள்விகளுக்குரிய பதில்கள். முதற் கேள்வி, வியாதி வளர்கிறதா, நின்றுவிட்டதா என்பது. இரண்டாவது, இப்பொழுதுள்ள விழியைக் கொண்டு நல்ல பார்வை பெறுவது எப்படி என்பது. முதல் வினாவுக்கு விடை தெரியாமல் இரண்டாவதற்குப் பணம் செலவிடுவது, இடிந்துவரும் சுவரைத் தாங்கு கொடுத்து நிறுத்தாமல் சுண்ணாம்பு பூசுவதற்கு ஒப்பாகும்.

வளர்கிறதா என்பதை ஒருநாட் சோதனையால் சொல்ல முடியாது. படலத்தின் மேடு பள்ளங்களையும் கனத்தையும் வரைபடமாகக் காட்டும் இயந்திரங்கள் இருக்கின்றன. அவ்வரைபடத்தைச் சில மாத இடைவெளியில் மீண்டும் எடுத்து ஒப்பிட வேண்டும். முந்திய வரைபடங்களைப் பத்திரப்படுத்தி வைப்பது, நிலத்தின் பத்திரங்களைப் பாதுகாப்பதைவிட அவசியம். வளர்கிறது என்று நிச்சயமானால், நிறுத்துவதற்குரிய ஒளிச் சிகிச்சையை யோசிக்க வேண்டும். படலத்தின் மிக மெலிந்த இடத்தில் 400 மைக்ரானாவது கனம் இருப்பது மூல முறைக்கு வேண்டும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆகவே தாமதம் செய்வது வாய்ப்பை இழப்பதாகும். இச்சிகிச்சை பார்வையைத் திருப்பிக் கொடுப்பதாக வாக்களிப்பதில்லை. உள்ள பார்வை மேலும் கெடாமல் காப்பதே அதன் வாக்கு. சிலருக்குக் கூம்பு சற்றே தட்டையாவதும் உண்டு. சில நாள் வலியும், அபூர்வமாகப் புண்ணும் மங்கலும் நேரக்கூடும் என்பதையும் அறிந்தே செய்துகொள்ள வேண்டும்.

பார்வைக்கு முதலில் நாடத்தக்கது கெட்டியான காண்டாக்ட் லென்ஸ். ஒழுங்கற்ற விழியின் மேல் ஒழுங்கான முகமொன்றை அது வைக்கிறது. நடுவே உள்ள இடைவெளியைக் கண்ணீர் நிரப்புகிறது. விழியின் வெண்பகுதியில் ஊன்றி நிற்கும் பெரிய லென்ஸ்களும் இப்பொழுது உண்டு. இவற்றைத் தாங்க முடியாதவர்களுக்கு, படலத்தின் ஓரத்தில் பிறை வடிவமான வில்லைகளைச் செருகும் வளையச் சிகிச்சை இருக்கிறது. பிரான்ஸ் தேசத்து நிபுணர் ஜோஸப் கொலின் இதைக் கூம்பு விழிக்கு உரியதாக்கி 2000-ம் வருஷத்தில் பலன்களை வெளியிட்டார். ஓரத்தில் கனத்தைக் கூட்டினால் நடு தட்டையாகும் என்ற பாரக்கேரின் விதியே இதிலும் வேலை செய்கிறது. எடுத்தவர் இங்கே எடுக்காமல் சேர்க்கிறார். வேண்டாமென்றால் வெளியே எடுத்துவிடவும் கூடும். தேர்ந்தெடுத்த சிலருக்கு, ஒளிச் சிகிச்சையோடு சேர்த்து, மிகச் சிறிய அளவில் லேசரால் மேட்டைச் சமன்படுத்துவதும் உண்டு. தழும்பு விழுந்து முற்றிப்போன விழிக்கே மாற்றுப் படலம். அதிலும் நோயாளியின் உள்ளடுக்கை விட்டுவைத்து மேற்பகுதியை மட்டும் மாற்றும் முறை இப்பொழுது கைவந்திருக்கிறது. ஸாட்டோவின் காலத்தில் மதிப்புத் தெரியாமல் அழிந்துபோன அடுக்கு, இன்று இவ்விதம் பாதுகாக்கப்படுகிறது.

செய்யலாகாத ஒன்றையும் திட்டமாகச் சொல்கிறோம். கண்ணாடியை விட்டொழிப்பதற்கான சாதாரண லாஸிக், கூம்பு விழிக்கு உரியதன்று. உத்தியோகத்துக்குக் கண்ணாடியில்லாத பார்வை வேண்டுமென்று, படலத்தின் வரைபடமும் கனமும் பாராமல் லேசர் படுக்கையில் போய்ப் படுக்கும் வாலிபன், ஒரு வேலைக்காக ஆயுள் முழுவதற்குமுள்ள கண்ணைப் பணயம் வைக்கிறான். வேறு உத்தியோகம் தேடிக்கொள்ளலாம். எந்த வைத்தியரிடம் போனாலும், என்னுடைய விழியின் கனம் எவ்வளவு, நீங்கள் எடுக்கப் போவது எவ்வளவு, எஞ்சப் போவது எவ்வளவு என்ற மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். விடை சொல்லத் தயங்குகிற இடத்தைவிட்டு எழுந்து வந்துவிடலாம். கேட்பது மரியாதைக் குறைவன்று. நல்ல வைத்தியர் அதை வரவேற்பார்.

இன்னொன்று, செலவே இல்லாதது. கண்ணைக் கசக்கும் வழக்கத்துக்கும் இவ்வியாதிக்கும் சம்பந்தம் உண்டென்று நிபுணர்கள் கண்டிருக்கிறார்கள். மக்காச்சோளமும் பருத்தியும் விளையும் பூமியில், அறுவடைத் தூசியிலும் கோடைப் புழுதியிலும் குழந்தைகளுக்குக் கண் அரிப்பது சகஜம். அரிப்புக்கு மருந்து உண்டு; கசக்குவது மருந்தன்று. இதைத் தாய்மார்களும் உபாத்தியாயர்களும் குழந்தைகளுக்குச் சொல்லிவர வேண்டும். குடும்பத்தில் ஒருவருக்கு இவ்வியாதி இருந்தால் உடன்பிறந்தவர்களையும் சோதித்துப் பார்ப்பது நலம்.

அரசாங்கத்துக்கும் கடமை உண்டு. கள்ளக்குறிச்சி 2019-ம் வருஷத்தில் தனி மாவட்டமாயிற்று. அங்கே அரசாங்க வைத்தியக் கல்லூரி 2022-ம் வருஷத்தில் திறக்கப்பட்டது. இவை நன்று. ஆனால் கட்டடத்தால் மட்டும் கண் தெரியாது. மாவட்டந்தோறும் அரசாங்க ஆஸ்பத்திரியில் கருவிழி வரைபட இயந்திரமும், அதைப் படித்துச் சொல்லும் நிபுணரும் இருத்தல் வேண்டும். பள்ளிக்கூடங்களில் கண் பரிசோதனை நடக்கும்போது, கண்ணாடி எண் அடிக்கடி மாறும் பிள்ளைகளைத் தனியே குறித்து அங்கே அனுப்ப வேண்டும். நிறுத்தக்கூடிய வியாதியை நிறுத்தாமல் விட்டு, பிற்பாடு மாற்று விழிக்குக் காத்திருக்கச் செய்வது அநீதி.

இந்தியாவின் முதற் கண் வங்கி 1945-ம் வருஷத்தில் சென்னை எழும்பூர்க் கண் ஆஸ்பத்திரியில் டாக்டர் முத்தையாவின் முயற்சியால் தோன்றியது. 1948-ம் வருஷத்தில் இத்தேசத்தில் வெற்றி கண்ட முதற் கருவிழி மாற்றுச் சிகிச்சையைச் செய்தவரும் அவரே. அதே சென்னையில் பிறந்தவர்தாம் லேசரின் ரகசியத்தைக் கண்ட சீனிவாசன். ஆகவே அறிவுக்கு நம்மிடம் பஞ்சமில்லை. சீனிவாசனுடைய அறிவு கடல் கடந்து போய்ப் பலன் தந்தது. பாரக்கேர் தம் அறிவைக் கடல் கடந்து கொண்டுவந்து ஒரு மலைநாட்டில் ஊன்றி, உலகத்தை அங்கே வரவழைத்தார். கல்வராயன் மலையடிவாரத்திலிருந்து ஒரு பிள்ளை கண்ணைக் காத்துக்கொள்ள எத்தனை காதம் போக வேண்டியிருக்கிறது என்பதே, அவ்விதம் ஊன்றுவதற்கு நாம் எவ்வளவு செய்திருக்கிறோம் என்பதற்கு அளவுகோல். அந்தத் தூரத்தைக் குறைப்பவர்கள், பாரக்கேருக்குத் தமிழ்நாடு செலுத்த வேண்டிய கடனைத் தீர்த்தவராவர்.